உறவினர் அல்லாத ஒருவர்

1

இந்தக் கதை கொல்லிமலையில் பிறந்தது என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அது பிறந்தது ராசிபுரத்தில், என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஒரு விண்ணப்பப் படிவத்தை நான் தமிழாக்கிக்கொண்டிருந்த மத்தியான வேளையில். கதை எழுதிப் பிழைக்கிறவள் நான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். படிவம், அறிவிப்பு, மருந்து அட்டையில் வரும் எச்சரிக்கை, இவற்றைத் தமிழாக்கித்தான் என் அடுப்பு எரிகிறது. கதை நடுவில் வந்து வேலையைக் கெடுக்கும்.

அந்தப் படிவம் கல்லூரி மாணவர்களுக்கானது. 'மாணவர் பொதுத்தொண்டு நல்கையும் உள்ளகப் பயிற்சியும்' என்று தலைப்பை எழுதிவிட்டு, எப்படியும் எல்லாரும் பெல்லோஷிப் என்றுதான் சொல்லப்போகிறார்கள் என்று பெருமூச்சு விட்டேன். தேர்வாகிறவர்கள் கோடை முழுக்க ஓர் அரசு அலுவலகத்திலோ மருத்துவமனையிலோ பொதுமக்களுக்கு உதவியாக உட்கார வேண்டும். உதவித்தொகை உண்டு. படிப்பு முடிந்ததும் ஒரு வருடம் அதே வேலையில் தொடரலாம். நல்ல திட்டம். குறை சொல்ல ஒன்றுமில்லை.

கடைசிப் பக்கத்தில் இப்படி ஒரு விதி இருந்தது: 'விண்ணப்பதாரர் வாழும் பகுதியை அறிந்தவரும், அவருடைய தொண்டைக் குறைந்தது இரண்டு ஆண்டுகளாகக் கண்டவரும், அவருக்கு எவ்வகையிலும் உறவினர் அல்லாதவருமான ஒருவரின் பரிந்துரை.' அதன் கீழே இன்னொரு வரி: 'உறவினருக்குச் செய்த உதவி பொதுத்தொண்டாகக் கருதப்படாது.'

எழுதி முடித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனேன், காயப்போட்ட துணியை எடுக்க. வானம் தெளிவாக இருந்தால் அங்கிருந்து கொல்லிமலை தெரியும். அன்றைக்கு மேலே பாதியை மேகம் மூடியிருந்தது. அந்த மலையில் இந்த விதியை யார் நிறைவேற்றுவார்கள் என்று யோசித்தேன். துணி கையில் இருக்க, யோசனை எங்கோ போய்விட்டது. ஒரு பெண் மேகத்துக்குள்ளிருந்து இறங்கி வருவது தெரிந்தது.

(தெரிந்தது என்றால் கண்ணுக்கு இல்லை. உங்களுக்கே தெரியும்.)

2

மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

முதலாவது: 'மூடுபனிக்குள் சண்முகப்பிரியா நடந்துகொண்டிருந்தாள். அவளுடைய —'

வேண்டாம். மலைக்கதை என்றால் உடனே மூடுபனியைப் பிடித்து இழுத்துவந்து வாசலில் நிறுத்துகிற வழக்கம் எனக்கே அலுத்துவிட்டது.

இரண்டாவது: 'கொல்லிமலையில் ஊர்களை நாடு நாடாகப் பிரித்திருக்கிறார்கள். திண்ணனூர் நாடு, அரியூர் நாடு என்று ஒவ்வொன்றுக்கும் —'

இது பொது அறிவுப் புத்தகம். நானே கொட்டாவி விட்டேன்.

மூன்றாவது: '"எனக்கு ஒறவில்லாத ஆளு ஒருத்தரு வேணுமுங்க" என்றாள் சண்முகப்பிரியா.'

இதை வைத்துக்கொள்கிறேன். ஒரு பெண் வாயைத் திறந்து தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சண்முகப்பிரியா கீழே ஒரு கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். ஊர் திண்ணனூர் நாட்டில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் உள்ளே போக வேண்டிய சில வீடுகள். அப்பா வெள்ளையன், அம்மா கண்ணாயி. குச்சிக்கிழங்கு, சாமை, வேலியோரத்து மரங்களில் ஏறிக்கிடக்கும் மிளகுக்கொடி, இவைதான் வருமானம்.

அவள் செய்த தொண்டுக்குப் பெயர் கிடையாது. 'கூடப் போறது' என்பார்கள். யாருக்காவது உடம்புக்கு முடியாமல் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் பிரியா கூடப் போவாள். வளைவுகளில் வாந்தி எடுப்பவர்களின் தலையைப் பிடித்துக்கொள்வாள், சீட்டு வாங்குவாள், எந்தக் கதவு என்று விசாரிப்பாள், டாக்டர் சொன்னதை அவர்களுக்குப் புரிகிற மாதிரி திருப்பிச் சொல்வாள். பிளஸ் டூ படிக்கும்போதே தொடங்கியது. இப்போது விடுமுறையில் அவள் ஊருக்கு வருகிற நாளைத் தெரிந்துவைத்துக்கொண்டுதான் சிலர் காய்ச்சலைச் சொல்லவே ஆரம்பிப்பார்கள்.

அவளுக்கு வேண்டியது அந்த ஆஸ்பத்திரியின் வாசலில் போட்டிருக்கும் உதவி மேசை. அங்கே ஒரு கோடை, பிறகு ஒரு வருடம். இது கிடைக்காவிட்டால் படிப்பு முடிந்த மறுவாரம் அத்தை மகளோடு திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் சேர்வதாக வீட்டில் பேச்சு. கல்லூரிப் பேராசிரியர் ஒரு பரிந்துரை கொடுத்துவிட்டார். மீதமிருப்பது அந்த உறவினர் அல்லாத ஒருவர். கடைசி நாள் நாளை, மாலை ஐந்து மணி.

3

திண்ணனூர் நாட்டில் எல்லாரும் பங்காளி அல்லது மாமன் மச்சான். அதனால் அவள் அரியூர் நாட்டுக்குப் போனாள். அங்கே பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கும் ராசப்பனை நான் அவளுக்காக ஏற்பாடு செய்தேன். கைராசியான மனிதர். நோயாளிகளோடு அவள் பஸ் மாறக் காத்திருந்த நாளெல்லாம் அவர் கடை பெஞ்சில்தான்.

"கையெழுத்துத்தான கண்ணு? எங்க போடோணும் சொல்லு" என்றார் ராசப்பன்.

"போட்டா மட்டும் பத்தாதுங்க. மெட்ராசுல இருந்து போன் பண்ணிக் கேப்பாங்களாமா. ஒறவில்லைன்னு சொல்லோணும்."

"சொல்லிட்டாப் போச்சு."

ஒரு தடவை ஒத்திகை பார்த்துவிடலாம் என்று பிரியா வெளியே போய், மிளகுக்கொடி சுற்றிய மரத்தடியில் நின்றுகொண்டு அவருக்கு போன் போட்டாள். இடையில் வெண்மையாக ஒரு மேகம் வந்து நின்றதால் (மன்னிக்கவும், வந்தேவிட்டது) கடை தெரியவில்லை, ராசப்பனின் குரல் மட்டும் போனிலும் நேரிலுமாக இரண்டு தடவை கேட்டது.

"வணக்கம். சண்முகப்பிரியா உங்களுக்கு உறவா?" என்று கேட்டாள், பட்டணத்துக் குரலில்.

"இல்லீங்க."

"அவரை எப்படித் தெரியும்?"

"ஏனுங்க, தெரியாம இருக்குமா? அவ ஆத்தா கண்ணாயி எங்க பெரிய மச்சானுக்குக் கொழுந்தியா மொறையில்லீங்களா?"

பிரியா மேகத்துக்குள்ளிருந்து ஓடிவந்து கத்தினாள். ராசப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டார். மறுபடி ஒத்திகை. இந்தத் தடவை மச்சான் பேச்சையே எடுக்கவில்லை.

"ஒறவெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நல்ல புள்ளைங்க. எங்க ஊட்டுப் புள்ள மாதிரி. மாதிரி என்னங்க, எங்க ஊட்டுப் புள்ளதான்."

இன்னொரு தடவை முயன்றார்கள். ராசப்பன் "இல்லீங்க" என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டார். போனை மேசையில் வைத்தார்.

"கண்ணு, நீ கோவிச்சுக்காத. இத்தன தடவ இல்லை இல்லைன்னு சொன்னதுல வாயெல்லாம் கசக்குது. நல்ல காரியத்துக்குப் போற புள்ளய வாசல்ல நிக்க வெச்சு இப்படிச் சொல்றதாமா? வேற ஆளப் பாத்துக்க சாமி. இந்தா, டீயக் குடி."

அவள் குடித்தாள். காசு வாங்க மாட்டார் என்று தெரிந்தும் நீட்டினாள். வாங்கவில்லை. வாங்கியிருந்தாலாவது அந்நியர் என்று எழுதியிருக்கலாம்.

4

ரமேஷ்குமார் வாத்தியார் கதைக்குள் வந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். வேறு ஊர், வேறு சாதி. பிரியாவின் ஊர்த் தொடக்கப் பள்ளியில் வருடக்கணக்காக வேலை பார்க்கிறார். அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. விண்ணப்பத்தை இத்தோடு அனுப்பிவிட்டு நான் பாத்திரம் கழுவப் போகலாம் என்று நினைத்தேன்.

வாத்தியார் படிவத்தை வாசித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மறுபடி வாசித்தார். பேனாவைத் திறந்தார். அவர் மனைவி யமுனா சமையல்கட்டில் குச்சிக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தவர், கையில் மண்ணோடு வந்து நின்றார்.

"எழுதறதுக்கு முன்னால ஒரு நிமிசம் இருங்க. 'எவ்வகையிலும்'னு போட்டிருக்குதே, அதப் படிச்சீங்களா?"

(அந்தச் சொல் என்னுடையது. 'எந்த விதத்திலும்' என்று முதலில் எழுதி, அழகாக இல்லை என்று மாற்றினேன்.)

"படிச்சேன் யமுனா. அது ரத்த சம்பந்தத்தச் சொல்றது."

"நம்ம பாப்பாவுக்குக் காது குத்தினப்ப மடியில உக்கார வெச்சது ஆரு?"

 விஷயம் இதுதான். யமுனாவுக்கு உடன்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. பெண்ணுக்குக் காது குத்துகிற நாளில், தாய்மாமன் மடி வேண்டுமே என்று இவர்கள் விழித்துக்கொண்டிருந்தபோது, பிரியாவின் அப்பா வெள்ளையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, யாரும் கூப்பிடாமலே மணையில் உட்கார்ந்து, "கொண்டாங்க மருமவள" என்று மடியைக் காட்டினார். அன்றிலிருந்து பொங்கலுக்குப் பொங்கல் யமுனாவுக்குச் சீர் வருகிறது. பலாப்பழம், மிளகு, ஒரு ரவிக்கைத் துணி. அன்றிலிருந்து பிரியாவுக்கு வாத்தியார் மாமா, யமுனா அத்தை.

"எனக்குப் பொறந்த ஊடுன்னு சொல்லிக்க இந்த ஒலகத்துல அது ஒண்ணுதாங்க இருக்குது" என்றார் யமுனா. "அவரு பொண்ணு எங்களுக்கு எவ்வகையிலும் ஒறவில்லைன்னு நீங்க கையெழுத்துப் போட்டுட்டா, வார பொங்கலுக்கு அண்ணன் மொகத்துல நான் எப்படி முழிக்கறது?"

"நம்ம பொண்ணோட வாழ்க்கை இது, யமுனா."

"நம்ம பொண்ணுன்னு நீங்களே சொல்றீங்க."

வாத்தியார் பேனாவை மூடவும் இல்லை, எழுதவும் இல்லை. பிரியாதான் படிவத்தை இழுத்து மடித்தாள். "வேண்டாங்க மாமா. அத்தை, கெழங்கு வெந்தா ரெண்டு குடுங்க. பசிக்குது." உட்கார்ந்து சாப்பிட்டாள். யமுனா அவள் தட்டில் போட்டுக்கொண்டே இருந்தார், நிறுத்தத் தெரியாமல்.

இந்த இடத்தில் நான் மேசையை விட்டு எழுந்துபோய் அழுதேன். எழுதுகிறவள் அழக் கூடாது, வாசிக்கிறவர்தான் அழ வேண்டும் என்பார்கள். சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

5

கொஞ்சம் நின்று சில சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்கிறேன்.

வேறு ஆளே இல்லையா என்று கேட்பீர்கள். ஊர் நர்ஸ் புதிதாக வந்தவர், கிராம அலுவலரும் அப்படியே. இரண்டு ஆண்டு ஆகவில்லை. யாரையோ பிடித்து ஒரு கையெழுத்து வாங்கிப் போட வேண்டியதுதானே, எல்லாரும் செய்வதுதானே என்றும் கேட்பீர்கள். அவளுடைய விடுதித் தோழி அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளரிடம் லிப்டில் வைத்தே வாங்கிவிட்டாள். 'ஒரே படியில ஒம்போது வருசம் ஏறி எறங்கியிருக்காங்க, அவரு பேரு இவளுக்குத் தெரியாது, இவ பேரு அவருக்குத் தெரியாது. இதுக்கு மார்க்கு!' என்று பிரியா பொருமினாள்.

ஆம், பொருமுவாள். அவளை ரொம்ப நல்லவளாக எழுதுகிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்ததால் விசாரித்துப் பார்த்தேன். மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைக்கிற நோயாளிகளை அவள் வாய்க்கு வந்தபடி திட்டுகிறாள். தன் இங்கிலீஷைப் பற்றி நல்ல கர்வம். ஆஸ்பத்திரிக்குப் போன நாளில் கேன்டீனில் பப்ஸ் வாங்கித் தராவிட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள். போதும், மனுஷிதான்.

விதியைத் தளர்த்தச் சொல்லி நானே திட்ட அலுவலகத்துக்கு போன் செய்தேன். அருள்மொழி என்று ஒரு பெண் எடுத்தார், பொறுமையான குரல்.

"மேடம், இந்த விதி இல்லைன்னா மாமா மருமகனுக்கு எழுதுவார், சித்தப்பா பொண்ணுக்கு எழுதுவார். செல்வாக்கு இருக்கிறவங்க பிள்ளைங்கதான் உள்ளே வருவாங்க. செல்வாக்கு இல்லாத பிள்ளைங்களுக்காகத்தான் மேடம் இந்த விதியே."

 அவர் சொன்னது நியாயம். ஒரு வில்லனாவது கிடைத்திருந்தால் கதை சுலபமாக முடிந்திருக்கும்.

6

[நீக்கியது: 'புளியஞ்சோலையில் ஓடைக்கரையில் சுதாகர் அவளைப் பார்த்தான். அவன் கண்களில் —' காதல் கதையாகப் போகப் பார்த்தது. அவன் கண்களை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.]

சுதாகர் கொத்தனார். மலையடிவாரத்து ஆள், துறையூர்ப் பக்கம். பிரியாவின் ஊரில் வீடுகள் கட்ட வந்து இரண்டு வருடத்துக்கு மேல் மலையில் இருந்தவன். அங்கேதான் சாரத்திலிருந்து விழுந்தான். ஊர் வேனில் அவனை ஏற்றி, வளைவெல்லாம் அவன் தலையை மடியில் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது பிரியா. இப்போது லேசாகக் கால் சாய்த்து நடக்கிறான். கையும் வாயும் நன்றாக வேலை செய்கின்றன.

அவள் மலையின் மறுபக்கமாக, காட்டுப் பாதையில், கல்லுக்குக் கல் தாவி அவனைத் தேடி இறங்கி வந்தாள். புளியஞ்சோலையில் ஒரு சுவர் வேலையாக இருந்தான். விஷயத்தைச் சொன்னதும் கரணையைக் கீழே போட்டுவிட்டுக் கையைக் கழுவினான்.

"குடு, போடறேன். போன் வந்தா அடிச்சுச் சொல்றேன், ஆருன்னே தெரியாது, ஆனா தங்கமான புள்ளைன்னு. பொய் சொல்றதுல நம்மள மிஞ்ச ஆளு கெடையாது."

உண்மையிலேயே மிஞ்ச ஆள் கிடையாது. ஒத்திகையில் தடுமாறாமல் சொன்னான். அவன் போனை வைத்ததும் பிரியா சிரித்தாள், நானும் சிரித்தேன். பேனாவைக் கொடுத்தாள். அவன் பெயரை எழுதத் தொடங்கி 'சு' போட்டாயிற்று.

"அண்ணா, இருங்க."

"என்ன கண்ணு?"

"அன்னிக்கு ஆப்பரேசனுக்குச் சொந்தக்காரங்க கையெழுத்து வேணும்னு கேட்டாங்க. உங்கம்மா வாரதுக்கு லேட்டாகும்னு சொன்னாங்க. நான் தங்கச்சின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்."

"ஆமா. அதனாலதான் இன்னிக்கு நிக்கறேன்."

"இப்ப நீங்க ஒறவில்லைன்னு எழுதுனா, அன்னிக்கு நான் எழுதுனது பொய்யாயிருமுங்க."

சுதாகர் அவளை ஒரு மாதிரி பார்த்தான். "அன்னிக்கு எழுதுனதும் பொய்தான சாமி?"

"இல்லீங்கண்ணா."

பேனா அவன் கையிலேயே இருந்தது. அவளே பேசினாள். "அதே ஆஸ்பத்திரியில மேசை போட்டு உக்கார்றதுக்குத்தான் கேக்கறேன். இத எழுதி வாங்கிட்டு அங்க போயி உக்காந்தா, அந்த ஆப்பரேசன் ரூம்பு வாசலத் தாண்டறப்பெல்லாம் எனக்கு என்னமோ ஆகும். வேண்டாங்க."

சுதாகர் பேனாவை அவள் கையில் கொடுத்தான். அந்த 'சு'வை என்ன செய்வது என்று தெரியாமல் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தான். சிமெண்டு ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

7

அவர்கள் பேசியதையெல்லாம் நான் ஓடையில் காலை விட்டபடி கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு பஸ் மாறி அன்றைக்கு நான் புளியஞ்சோலைக்கு வந்திருந்தேன், கதையை எப்படி முடிப்பது என்று யோசிக்க. தண்ணீர் குளிர்ச்சி. மேலே இலைகள் சேர்ந்தும் பிரிந்தும் வெயிலை உள்ளே விட்டன. கண் சொக்கியது. தூங்கினேனா என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல முடியாது. பிரியா வந்து பக்கத்துப் பாறையில் உட்கார்ந்து அவளும் காலைத் தண்ணீரில் விட்டாள்.

"இவ்வளவு பிடிவாதம் ஆகாதும்மா" என்றேன். "ஒரு கையெழுத்து. எல்லாரும் போடுகிறார்கள்."

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"நான்தான் இதை எழுதுகிறேன்."

அவள் ஆச்சரியப்படவில்லை. தண்ணீருக்குள் விரல்களை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பழுத்த இலை எங்கள் இரண்டு பேரின் கால்களுக்கும் நடுவில் வந்து, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் சுற்றியது.

"அப்ப எத்தன நாளா என்னையத் தெரியும் உங்களுக்கு?"

"பிளஸ் டூவிலிருந்து. நீ முதன்முதலாக ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், கண் டாக்டரிடம் போவதற்குப் பதில் பல் டாக்டரிடம் வரிசையில் நின்றாயே, அன்றிலிருந்து."

"அதையெல்லாமா எழுதுனீங்க!"

"எழுதி அடித்துவிட்டேன்."

 பிறகு திடீரென்று என் பக்கம் திரும்பினாள். முகம் முழுக்க வெளிச்சம்.

"அப்ப நீங்களே போடலாமுங்களே! ரெண்டு வருசத்துக்கு மேல தெரியும். எங்க ஊரு தெரியும். நீங்க ராசிபுரம், எங்களுக்கு எந்த வகையிலயும் சொந்தமில்ல. போட்டுக் குடுங்க சின்னம்மா."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். தன் அம்மாவைவிடக் கொஞ்சம் சின்ன வயதுக்காரியை வேறு எப்படிக் கூப்பிடுவாள்? மேடம் என்று கூப்பிட்டிருந்தால் எனக்குத்தான் வருத்தமாக இருந்திருக்கும். இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கி நிறுத்த முடியாமல் சிரித்தோம். திட்டத்தோடு தொடர்புடையவர்கள் பரிந்துரைக்கக் கூடாது என்று இன்னொரு விதி இருக்கிறது, படிவத்தைத் தமிழாக்கியவள் நான், அதனால் எப்படியும் முடியாது என்று அவளிடம் சொன்னேன். அது உண்மை. அந்த விதி இல்லாவிட்டாலும் என்னால் போட்டிருக்க முடியாது என்பதும் உண்மை. எனக்குக் குழந்தைகள் இல்லை. இத்தனை மாதமாகக் காலையில் எழுந்ததும் முதல் நினைப்பு இவளாகத்தான் இருக்கிறாள். எவ்வகையிலும் உறவில்லை என்று எழுத எனக்குக் கை வராது.

கண் விழித்தபோது கால் விறைத்திருந்தது. பக்கத்துப் பாறையில் ஈரமான இரண்டு பாதத் தடங்கள் காய்ந்துகொண்டிருந்தன. [விமர்சகர்கள் கவனத்துக்கு: வேறு யாராவது குளித்துவிட்டுப் போயிருக்கலாம். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.]

8

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அந்த இடத்தைக் காலியாக விட்டு விண்ணப்பத்தை அனுப்புகிறாள். தேர்வுக்குழுவில் ஒருவர் அந்த வெற்றிடத்தைப் பார்த்து, புரிந்துகொண்டு, கண்கலங்கி — இல்லை. கணினி அவ்வளவு தூரம் விடாது. நட்சத்திரக் குறி போட்ட இடத்தை நிரப்பாவிட்டால் சிவப்பு எழுத்தில் கத்தும், அனுப்பவே முடியாது.

கடைசித் தேதியை நீட்டிக்கிறார்கள். நீட்டித்தால்? மலையில் நாள் கூடக் கூட உறவு கூடும், குறையாது.

திருப்பூருக்குப் போகிறாள். அத்தை மகளோடு அறை, ஷிப்ட், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு போன். ராசப்பன் கடை பெஞ்சில் அத்தாயி என்றொரு அம்மா, நெஞ்சுவலியோடு, கூட வர ஆளில்லாமல் உட்கார்ந்து —

இதை என்னால் எழுத முடியவில்லை. எழுதிவிட்டால் நடந்துவிடும். கதையில் நடந்தது நடந்ததுதான்.

9

இப்போது மணி நான்கைத் தாண்டிவிட்டது. நாளை என்று சொன்னேனே, அந்த நாளை வந்துவிட்டது. பிரியா கல்லூரிப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருக்கிறாள். காகிதப் படிவத்தில் இருந்ததையெல்லாம் கணினியில் ஏற்றியாயிற்று; கையெழுத்துக்குப் பதில் இங்கே பெயரும் போன் நம்பரும் போதும். பரிந்துரையாளர் பெயர் என்ற கட்டத்தில் கோடு மட்டும் விட்டு விட்டு மின்னுகிறது.

நான் உங்களைத்தான் பார்க்கிறேன்.

நீங்கள் அவளுக்குச் சின்னம்மா இல்லை, மச்சானுக்குக் கொழுந்தியா வழி இல்லை. உங்கள் பெண்ணுக்கு அவள் அப்பா மடி கொடுக்கவில்லை. நீங்கள் எந்த ஊர் என்று அவளுக்குத் தெரியாது. ராசப்பன் கடையில் உட்கார்ந்தீர்கள், யமுனாவின் சமையல்கட்டு வாசலில் நின்றீர்கள், ஓடையில் கால் நனைத்தீர்கள். அவள் பகுதியை அறிந்தவர்தான். இரண்டு ஆண்டா என்றால், பிளஸ் டூவிலிருந்து அவளைப் பார்த்துவிட்டீர்கள். கதைக்குள் இருந்த காலமும் காலம்தான், இதில் அருள்மொழி மேடத்திடம் வாதாட நான் தயார். அவள் என்ன செய்தாள், எதைச் செய்ய மறுத்தாள் என்பதும் உங்களுக்குத் தெரியும். இத்தனை தகுதியோடு இந்த உலகத்தில் அவளுக்கு இருக்கிற ஒரே ஆள் நீங்கள்.

உங்கள் பெயரையும் போன் நம்பரையும் அந்தக் கட்டத்தில் எழுதச் சொல்லிவிட்டேன். அவள் தயங்கினாள். "அவங்களக் கேக்காம எழுதலாமுங்களா?" என்றாள். நான்தான், பரவாயில்லை, இவ்வளவு தூரம் வந்தவர்கள் என்றேன். எழுதி, அனுப்பு என்கிற பொத்தானை அழுத்திவிட்டாள். போய்ச் சேர்ந்துவிட்டது.

இனி என் கையில் ஒன்றுமில்லை. இன்றைக்கோ நாளைக்கோ சென்னையிலிருந்து உங்களுக்கு அழைப்பு வரும். பொறுமையான குரல்தான், பயப்பட வேண்டாம். வேறு எதுவும் பெரிதாகக் கேட்க மாட்டார்கள். சண்முகப்பிரியா உங்களுக்கு எவ்வகையிலாவது உறவா என்று கேட்பார்கள். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், அந்த மேசை அவளுக்கு.

அவள் உங்கள் பக்கத்தில்தான் நிற்கிறாள், நீங்கள் சொல்வது அவளுக்குக் கேட்கும். எடுத்துப் பேசுங்கள்.